ஒரே குற்றம், இரு தண்டனை

வாசக நேயர்களுட் பலர் பரீட்சை எழுதியவர்கள். சிலர் இவ்வாண்டு எழுதவிருப்பவர்கள். ஆயினும், எழுதிக் கட்டிக் கொடுத்த விடைத்தாள் அதன் பின்னர் எங்கே போகின்றது, யார் கையில் அகப்படுகின்றது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பதினெட்டு ஆண்டுகளாக அக்கைகளுள் ஒன்றாக இருந்து வருபவன் நான். ஆதலால், இவ்வாரம் என் சொந்தக் கதையொன்றோடு தொடங்குவதற்கு அனுமதி வேண்டுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் நிலையமொன்றில் வரலாற்றுப் பாடத்துக்குப் பன்னிருவர் கூடியிருந்தோம். வேலையை ஆரம்பிக்குமுன் எங்கள் பிரதம பரீட்சகர் ஒரே கட்டுரையின் பிரதிகளைப் பன்னிருவருக்கும் பகிர்ந்தளித்து, ஒருவரோடொருவர் பேசாது புள்ளியிடுமாறு பணித்தார். இருபது புள்ளிக்குரிய கட்டுரை அது. பின்னர் பெயரைக் குறிப்பிடாமல், புள்ளிகளை மாத்திரம் கரும்பலகையில் எழுதினார். ஆகக் கூடியது பதினேழு. ஆகக் குறைந்தது ஒன்பது.

அந்த ஒன்பது என்னுடையது.

பெயர் எழுதப்படவில்லையாயினும் என் முகம் சிவந்தது. அதுகாறும் என்னை நடுநிலை பிறழாத பரீட்சகன் என்றே நான் எண்ணியிருந்தேன். தாராளமாகப் புள்ளி கொடுப்பவர்களைக் கண்டு மனத்துள் நகைத்ததும் உண்டு. அன்று திருத்தப்போகும் கட்டுகளுக்கு அந்தப் பயிற்சி ஒரு காப்பாயிற்று. குறை நேர் செய்யப்பட்டது. ஆனால், அதற்கு முன் நான் திருத்திய கட்டுகளின் கதி என்ன? எவ்வித பயிற்சியுமின்றி, வகுப்புப் பரீட்சைகளிலும் தவணைப் பரீட்சைகளிலும் எத்தனை பிள்ளைகளுக்கு நான் ஒன்பது போட்டேன்? அதனை அறிய வழியில்லை. எவரும் கணக்கு வைத்திருக்கவில்லை, நானும் வைத்திருக்கவில்லை.

இக்கதையை அக்காலத்தில் என் உயர்தர வகுப்பிலே சொல்லியிருக்கின்றேன். அவ்வகுப்பில் இருந்த மாணவன் ஒருவன் இன்று ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் கணினித் துறையிலே மேற்படிப்புப் படிக்கின்றான். சென்ற மாதம் விடுமுறையில் ஊர் வந்தவன், ஒரு மாலை நேரம் எங்கள் வீட்டு விறாந்தையிலே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “சேர், உங்கள் ஒன்பது புள்ளிக் கதையை அங்கே நீதிமன்றத்துக்கு நடத்திப் பார்க்கிறேன்” என்றான்.

அவன் செய்து வருவது ஓர் இணையச் செயலி. கணினியிலோ கைப்பேசியிலோ எவரும் திறந்து பார்க்கலாம். இன்ன வகைக் குற்றம், இன்ன ஆண்டு என்று தெரிவு செய்தால், அவ்வகைக் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளெல்லாம் சிறு புள்ளிகளாகத் திரையிலே பரவி நிற்கும். இடப்பக்கம் சிறையின்றி நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர்கள்; வலப்பக்கம் நெடுங்காலச் சிறை பெற்றவர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதன். இலினோயில் நான்காம் வகுப்புப் பெருங்குற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் சிறைக்காலம் ஒன்று முதல் மூன்று ஆண்டு. மூன்றாம் வகுப்புக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு. கொலைக்கு அடுத்ததாகிய கடும் வகுப்புக்கு ஆறு முதல் முப்பது ஆண்டு. சட்டம் வரைந்த இந்தக் கோடுகளுக்கிடையிலே புள்ளிகள் எங்கே குவிகின்றன, எங்கே சிதறுகின்றன என்பதைச் செயலி காட்டும்.

“இதில் என்ன புதுமை? தீர்ப்பு என்பது பகிரங்கமாகச் சொல்லப்படுவதுதானே?” என்று கேட்டேன்.

“ஒவ்வொன்றும் பகிரங்கம்தான், சேர். எல்லாம் சேர்ந்து எங்கே கிடக்கிறது?” என்றான்.

அக்கேள்வியின் ஆழம் அன்றிரவு படித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புலனாயிற்று. அமெரிக்காவில் இது ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு. நியூயோர்க்கிலே கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக இருந்த மார்வின் பிராங்கல் என்பவர் 1973ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதினார். ‘குற்றத் தண்டனைகள்: ஒழுங்கில்லாச் சட்டம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். தண்டனை விதிப்பதில் நீதிபதிகளுக்கு வழிகாட்ட ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பதும், ஒருவன் எத்தனை ஆண்டு சிறையிருப்பான் என்பது அவன் எந்த நீதிபதி முன் நிறுத்தப்பட்டான் என்பதைப் பொறுத்தது என்பதும் அவருடைய முறைப்பாடு. வெளியிலிருந்து எவரோ சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்தாது விட்டிருக்கலாம், ஆசனத்திலிருந்தவரே சொன்னார்.

அடுத்த ஆண்டிலே, நியூயோர்க், கனெக்ரிகட், வேர்மொன்ட் ஆகிய மாநிலங்களை உள்ளடக்கிய இரண்டாவது மேன்முறையீட்டு வட்டாரத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எங்கள் பிரதம பரீட்சகர் செய்ததையே அவ்வாய்வாளரும் செய்திருந்தனர். ஐம்பது நீதிபதிகளிடம், தண்டனைக்கு முன் தயாரிக்கப்படும் இருபது அறிக்கைகளின் பிரதிகளை அனுப்பி, “நீங்கள் என்ன தண்டனை விதிப்பீர்கள்?” என்று கேட்டனர். மிரட்டிப் பணம் பறித்த ஒருவனுடைய வழக்கு அவற்றுள் ஒன்று. ஒரு நீதிபதி அவனுக்கு இருபது ஆண்டு சிறையும் 65,000 டொலர் அபராதமும் விதித்தார். மற்றொருவர் மூன்று ஆண்டு சிறை போதும், அபராதம் வேண்டாம் என்றார். அறிக்கை ஒன்றே, அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

இருபதுக்கு ஒன்பது போட்டவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலும் பெரிது அச்சமும் உண்டாயின. என் பிழையால் ஒரு பிள்ளை பல்கலைக்கழக அனுமதியை இழந்திருக்கலாம். அது சிறிய இழப்பன்று. ஆனால், இங்கே வித்தியாசம் பதினேழு ஆண்டு. முன்னவர் முன் நிற்கும்போது கைக்குழந்தையாயிருந்த மகன், தந்தை வெளியே வரும்போது இளைஞனாயிருப்பான். பின்னவர் முன் நின்றிருந்தால் பாலர் வகுப்புக்கு அவனைக் கையில் பிடித்து அழைத்துச் சென்றிருப்பான்.

இதன் விளைவாக, அமெரிக்கக் காங்கிரஸ் 1984இல் தண்டனைச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றித் தண்டனை ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அவ்வாணைக்குழு வகுத்த வழிகாட்டி விதிகள் 1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. அவற்றின் சாரம் ஒரு பக்கத்தில் அடங்கும் ஓர் அட்டவணை. மேலிருந்து கீழாகக் குற்றத்தின் கடுமை 43 படிகள்; இடமிருந்து வலமாகக் குற்றவாளியின் முற்குற்ற வரலாறு 6 நிரல்கள்; ஆக 258 கட்டங்கள். இருபதாம் படியிலுள்ள குற்றத்தை, முற்குற்றம் ஏதுமில்லாத முதல் நிரலார் செய்தால் 33 முதல் 41 மாதம். அதையே ஆறாம் நிரலார் செய்தால் 70 முதல் 87 மாதம். நம் பரீட்சைத் திட்டங்களிலே விடைக்குறிப்பும் புள்ளித் திட்டமும் கொடுப்பதில்லையா? அதனைப் போன்றது. நீதிபதிகளிற் பலர் இதனை வெறுத்தனர். மனிதனைப் பாராது கட்டத்தைப் பார்க்கச் சொல்கின்றார்கள் என்றனர். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் புக்கர் என்பவரது வழக்கிலே அவ்விதிகள் கட்டாயமானவையல்ல, ஆலோசனை மாத்திரமே என்று தீர்த்தது. அட்டவணை இன்றும் உண்டு. நீதிபதி அதனைப் பார்த்தே ஆக வேண்டும். ஆயின் அதற்குள் அடங்கியே ஆக வேண்டுமென்பதில்லை.

ஆகவே, பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. யார் எவ்வளவு விலகுகின்றார், எந்தப் பக்கம் விலகுகின்றார்?

இங்கேதான் ஒரு விசித்திரம். மேற்படி ஆணைக்குழு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வழக்குகளின் விவரத்தைப் பொதுமக்களுக்கு இலவசமாக வெளியிடுகின்றது. குற்றப் படி, முற்குற்ற நிரல், வயது, பால், இனம், கல்வி, மாதக் கணக்கிலே தண்டனை எல்லாம் அதில் உண்டு. விதித்த நீதிபதி யார் என்பது மாத்திரம் இல்லை. மறுபக்கத்திலே, நீதிமன்றங்களின் மின்னேடுகளில் நீதிபதியின் பெயர் உண்டு. ஆனால் அவ்வேட்டைப் பார்க்கப் பக்கத்துக்குப் பத்துச் சதம் கட்டணம், ஓர் ஆவணத்துக்கு ஆகக் கூடியது மூன்று டொலர். 2020 முதல் மூன்று மாதத்தில் முப்பது டொலருக்கு மேற்படாதவர்களிடம் அறவிடுவதில்லை. ஒரு வழக்கைப் பார்ப்பவனுக்கு அது பெரிய தொகையன்று. ஒரு இலட்சம் வழக்கைப் பார்க்க விரும்புபவன் தன் வீட்டை அடகு வைக்க வேண்டும். 2008இல் சில நூலகங்களிலே பரீட்சார்த்தமாக அவ்வேட்டை இலவசமாகப் பார்க்க இடமளித்தபோது, ஏரன் சுவாட்ஸ் என்ற இளைஞர் அவ்வழியே சுமார் 27 இலட்சம் ஆவணங்களைத் தரவிறக்கினார். இலவச ஏற்பாடு உடனே நிறுத்தப்பட்டது. புலனாய்வுத் துறையினர் விசாரித்தனர். குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. பகிரங்க ஆவணத்தை அதிகமாக வாசித்தமைக்காக ஒருவர் விசாரிக்கப்பட்டார் என்பதை என் மாணாக்கருக்கு எப்படி விளக்குவேனோ தெரியவில்லை.

இரண்டையும் இணைத்தவர்கள் பின்னர் வந்தனர். வில்லியம்ஸ் கல்லூரிக் கணித ஆசிரியர் சாட் டோப்பாஸ் என்பாரும் அவருடைய தோழர்களும் 2001 முதல் 2018 வரையான ஏறக்குறைய 6 இலட்சம் வழக்குகளை, ஆணைக்குழுவின் தரவு, கூட்டாட்சி நீதித்துறை மையத்தின் தரவு, கட்டண மின்னேடு, விக்கிபீடியாவில் உள்ள நீதிபதிகளின் பட்டியல் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, விதித்த நீதிபதியின் பெயரோடு 2020இல் வெளியிட்டனர். ‘ஜஸ்ட்ஃபெயர்’ என்று அத்தரவுத்தளத்துக்குப் பெயர். வழக்கிலக்கங்களின் வாலிலே நீதிபதியின் பெயர் முதலெழுத்துகள் இருப்பதுண்டு. அவை இவ்வேலைக்குப் பெருந்துணை. ஒரே முதலெழுத்துள்ள இருவர் ஒரே மன்றில் இருந்தால் என்னாகும், வழக்கு நடுவிலே கைமாறினால் என்னாகும் என்று நேயர்களே யோசித்துப் பாருங்கள். துப்பறியும் நாவல் எழுதுவோர் கணித ஆசிரியர்களிடம் பாடம் கேட்கலாம்.

என் மாணவன் எடுத்துக்கொண்டது கூட்டாட்சி வழக்குகளையல்ல. சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் கவுண்டியின் வழக்குகளை. அங்கே அரச வழக்குத்தொடுநராக 2016இல் மக்களால் தெரிவு செய்யப்பட்ட கிம் ஃபொக்ஸ் அம்மையார், 2018இல் தம் அலுவலகத்தின் பெருங்குற்ற வழக்குகளின் விவரத்தை நான்கு கோவைகளாக இணையத்தில் வெளியிட்டார். பொலிஸாரிடமிருந்து வந்தவை, வழக்குத் தொடுக்கப்பட்டவை, முடிவு கண்டவை, தண்டனை பெற்றவை என்று நான்கு. எதிரியின் பெயர் இல்லை. தண்டனை விதித்த நீதிபதியின் பெயர் உண்டு.

“அப்படியானால் வேலை சுலபம்தானே தம்பி?” என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே கோவையைத் திறந்து காட்டினான். அப்பொழுது கண்டது நகைச்சுவைக்குரியதா, வேதனைக்குரியதா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. தண்டனையின் அளவுக்கு ஒரு நிரல். அளவின் அலகுக்கு மற்றொரு நிரல். அலகு நிரலிலே ஆண்டு, மாதம், நாள் என்றிருப்பது இயல்பு. இடையிடையே டொலர் என்றிருந்தது. சில இடங்களில் இறாத்தல் என்றுகூட இருந்தது! பிடிபட்ட பொருளின் நிறையை யாரோ ஓர் எழுதுநர் சிறைக்காலத்துக்குரிய கட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். இத்தனை இறாத்தல் சிறை என்று கணினி வாசிக்கும். கணினிக்கு அதில் வெட்கமில்லை. இரண்டு என்பது இரண்டு ஆண்டா, இரண்டு மாதமா என்ற வேறுபாடு ஒரு சொல்லிலே தங்கியிருக்கின்றது. அச்சொல்லைப் பதிந்தவர் மாலை நான்கு மணிக்குக் களைப்போடு பதிந்திருக்கலாம். இனம் என்ற நிரலில் ஒரே சமூகத்தவர் இரண்டு மூன்று விதமாகப் பெயரிடப்பட்டிருந்தனர். இவற்றையெல்லாம் திருத்தவே தனக்கு ஆறு மாதம் சென்றதென்றும், அழகான திரையை அமைக்க மூன்று வாரமே பிடித்ததென்றும் அவன் சொன்னான்.

ஆயுட்கால மறியலை எண்ணாக எழுதுவது எப்படி என்பது அவனுடைய மற்றொரு சங்கடம். எண்ணில்லாததற்குச் சராசரி காண முடியாது. கூட்டாட்சி ஆணைக்குழு அதற்கொரு வழி கண்டிருக்கின்றது: ஆயுள் முழுவதும் சிறை என்றால் 470 மாதம் என்று கொள்கின்றது. அதாவது முப்பத்தொன்பது ஆண்டும் இரண்டு மாதமும். கணக்கு நடக்க வேண்டுமே. அதனால் குறை கூறவில்லை. எனினும் ஒரு மனிதனுடைய எஞ்சிய வாழ்நாளுக்கு மூன்று இலக்கம் போதுமென்று கண்டபோது என் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

இனி, நாங்கள் பிணங்கிய இடத்துக்கு வருகின்றேன்.

அவனுடைய செயலியின் முதற்றிரையிலே ஒரு பட்டியல் இருந்தது. நீதிபதிகளின் பெயர்கள், ஒவ்வொருவரும் விதித்த சராசரிச் சிறைக்காலம், கடுமையானவர் முதலாவதாக, இளக்கமானவர் கடைசியாக. கிரிக்கெட் ஆட்டக்காரரின் ஓட்டச் சராசரி போல. “மக்கள் விரும்பிப் பார்ப்பது இதைத்தான், சேர்” என்றான். அதில் ஐயமில்லை. நானும் முதலில் அதைத்தானே பார்த்தேன்.

“முதலாவதாக நிற்கும் இவர் எவ்வகை வழக்குகளை விசாரிப்பவர்?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியும், ஆயின் திரை அதைச் சொல்லவில்லை. குக் கவுண்டியிலே போதைப்பொருளுக்கு அடிமையானோரைத் திருத்துவதற்கென்று தனி மன்றங்கள் உண்டு. அங்கிருப்பவர் சிறைக்கு அனுப்புவது குறைவாகவே இருக்கும். அது அவருடைய இளகிய நெஞ்சுக்கு அத்தாட்சியன்று, அவருக்கு இடப்பட்ட கடமை. அன்றியும், அக்கோவையிலே எதிரியின் முற்குற்ற வரலாற்றுக்கு நிரலே இல்லை. முதன்முறை தவறியவனும் ஏழாம் முறை அகப்பட்டவனும் திரையில் ஒரே நிறப் புள்ளிகள். இவற்றைச் சொல்லாமல் வரிசைப்படுத்துவது, கெட்டிக்கார வகுப்பையும் பின்தங்கிய வகுப்பையும் இரு ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டுப் பெறுபேற்றைக் கொண்டு ஆசிரியரை அளப்பதைப் போன்றது. அவ்வேலையை நம் பெற்றோர் சிலரும் செய்வதுண்டு; அதைப் பற்றி வேறொரு வாரம் எழுதுவேன்.

“அப்படியென்றால் நீதிபதியின் பெயரையே எடுத்துவிடவா?” என்று அவன் சற்றே சினத்துடன் கேட்டான். “பிரான்சில் அதைத்தான் செய்தார்கள்.”

அவன் சொன்னது உண்மை. பிரான்சு தேசத்தில் 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறைவேறிய சட்டத்தின் 33ஆம் பிரிவு, நீதிபதிகளின் பெயர்த் தரவைக் கொண்டு அவர்களுடைய தொழில் நடைமுறையை மதிப்பிடவோ, ஒப்பிடவோ, முன்கூட்டிச் சொல்லவோ கூடாதென்று தடுக்கின்றது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. தண்டனைகளை ஒப்பிட்டமைக்காகத் தண்டனை! என்னால் அதற்கு உடன்பட முடியவில்லை. நீதிபதியைக் காப்பது வேறு. அவரைக் கண்ணாடி பாராமற் செய்வது வேறு. கரும்பலகையில் அந்த ஒன்பது எழுதப்படாதிருந்தால் நான் இன்றும் என்னை நடுநிலையாளன் என்றே எண்ணிக்கொண்டிருப்பேன். அதேவேளை, அந்த ஒன்பதுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி நிலையத்து வாசலில் ஒட்டியிருந்தால், அடுத்த கட்டுக்கு நான் எப்படிப் புள்ளியிட்டிருப்பேன்? உள்ளதைச் சொல்கின்றேன்: எல்லோருக்கும் பன்னிரண்டோ பதின்மூன்றோ போட்டிருப்பேன். நல்ல விடைக்கும் அதுவே, நலிந்த விடைக்கும் அதுவே. அமெரிக்காவில் இது மேலும் கடுமையான விஷயம். ஏனெனில் குக் கவுண்டி நீதிபதிகள் மக்கள் வாக்கிலே பதவியில் நிலைப்பவர்கள். ‘இளக்கமானவர்’ என்று ஒரு பட்டியலின் அடியிலே நிற்கும் ஒருவரைத் தேர்தல் காலத்தில் எதிராளிகள் சும்மா விடுவார்களா?

இதை அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, “சேர், நீங்கள் கரும்பலகையில் புள்ளிகளை மட்டும் பார்த்தீர்கள். ஆனால் எது உங்களுடையது என்று உங்களுக்குத் தெரிந்தது. அப்படி ஒன்று செய்யலாமா?” என்றான். நீதிபதி ஒருவர் தம் பெயரைத் தேடினால் தம் புள்ளிகள் மற்றெல்லாப் புள்ளிகளின் நடுவே எங்கே நிற்கின்றன என்று காண்பார். பொதுமக்களும் தேடலாம், ஆனால் ஒரே வகுப்புக் குற்றம், ஒரே வகை மன்றம் என்ற எல்லைக்குள்ளே மாத்திரம் ஒப்பிடலாம், முப்பது வழக்குக்குக் குறைந்தால் செயலி சராசரியே சொல்லாது. முதலாவது, கடைசி என்ற வரிசை இராது. இப்படியொரு மாற்றத்தை அவன் கடதாசியிலே கீறிக் காட்டினான். எனக்கு அது பிடித்தது. முற்றாகத் திருப்தியா என்றால் இல்லை. பெயர் இருக்குமட்டும் வரிசையை எவனாவது ஒருவன் தானே தயாரித்துக்கொள்வான்.

பேச்சு நீண்டுகொண்டிருக்கையில் நான் நினைத்தும் பாராத ஒரு பக்கத்தை அவன் எடுத்துக் காட்டினான். நீதிபதியின் முன் வருமுன்னரே தண்டனை பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது என்பதே அது. அமெரிக்கக் கூட்டாட்சி வழக்குகளிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட எதிரிகள் விசாரணையின்றியே குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். எந்தக் குற்றத்தைச் சாட்டுவது, எதைக் கைவிட்டு எதை ஒப்புக்கொள்ளச் செய்வது என்பது வழக்குத்தொடுநரின் கையிலே. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தூளாகவுள்ள கொக்கேன் 500 கிராம் வைத்திருந்து விற்பவனுக்கு எந்த ஐந்தாண்டு ஆகக் குறைந்த சிறையை விதித்ததோ, அதையே கட்டியாகவுள்ள ‘கிராக்’ கொக்கேன் 5 கிராமுக்கும் விதித்தது. ஒன்றுக்கு நூறு. கட்டியை விற்று அகப்பட்டவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல்தான் அந்த 5 கிராம் 28 கிராம் ஆக்கப்பட்டது, அப்பொழுதும் சமமாகவில்லை. அத்தகைய வழக்கிலே நீதிபதி என்ன செய்வார்? அவருடைய புள்ளி திரையிலே வலப்பக்கம் விழும். பார்ப்போர் அவரைக் கொடியவர் என்பர்.

ஆணைக்குழுவே ஒரு கணக்குச் சொல்லியிருக்கின்றது. குற்றமும் முற்குற்றமும் பிறவும் ஒத்திருந்தும், கறுப்பின ஆண்கள் வெள்ளையின ஆண்களைவிடச் சராசரியாக நூற்றுக்கு 19.1 வீதம் நீண்ட தண்டனை பெற்றனர் என்று 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. 2023இல் வெளிவந்த அறிக்கையிலே அவ்வித்தியாசம் 13.4 வீதம் எனப்பட்டது. கணக்கிடும் முறையிலும் மாற்றம் இருந்ததால், குறைந்துவிட்டது என்று அவசரப்பட்டு மகிழ்வதற்கில்லை. வித்தியாசம் இருக்கின்றது என்பதிலே இரு அறிக்கைக்கும் பிணக்கில்லை. யார் கையிலே அது புகுந்தது? பொலிஸார் கையிலா, வழக்குத்தொடுநர் கையிலா, நீதிபதி கையிலா? குக் கவுண்டித் தண்டனைக் கோவையிலே நீதிபதியின் பெயருக்கு நிரலுண்டு. வழக்கை நடத்திய உதவி வழக்குத்தொடுநரின் பெயருக்கு நிரல் இல்லை. “வெளியிட்டவர்கள் அவர்கள்தானே” என்று அவன் மெல்லச் சிரித்தான். பட்டியல் எழுதுகின்றவன் தன் பெயரை அதில் எழுதுவதில்லை என்பது எல்லாக் காரியாலயத்துக்கும் பொது.

எதிரிகளின் பெயர் இல்லாதது நல்லதென்று நான் எண்ணியிருந்தேன். அதுவும் போதவில்லை என்று அவனே சொன்னான். வயது, பால், இனம், சம்பவம் நடந்த ஊர், தண்டனைத் திகதி எல்லாம் சேர்ந்து கிடக்கும்போது, சிறிய ஊரிலே அயலவன் ஒருவன் அது இன்னாரென்று ஊகித்துக்கொள்வான். தண்டனையை அனுபவித்து முடித்து வேலை தேடுபவனுக்கு அது மற்றொரு தண்டனை. ஆதலால் தன் செயலியிலே திகதிக்குப் பதில் ஆண்டு மாத்திரம், ஊருக்குப் பதில் ஒன்றுமில்லை என்று வைத்திருக்கின்றான். அதிகாரம் உள்ளவனை அதிகமாகக் காட்டு, அது இல்லாதவனைக் குறைவாகக் காட்டு என்று எவர் சொல்லிக் கொடுத்தாரோ! என் பாடத்திட்டத்திலே அது இல்லை.

இவையெல்லாவற்றையும் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் பத்தாம் வகுப்பிலே படிக்கும் என் மகள். கணினித்திரையை அவள் அதிகம் பார்க்கவில்லை. அவன் விடைபெற்றுப் போனபின், “அப்பா, அந்த ஒன்பது புள்ளி எடுத்த பிள்ளை பிறகு என்ன ஆனது?” என்று கேட்டாள்.

அது பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட பழைய விடைத்தாள் என்றும், என் புள்ளியால் அப்பிள்ளைக்கு எந்தக் கெடுதியும் நேரவில்லை என்றும் சொன்னேன்.

“அதற்கு முதல் திருத்தியவற்றில்?”

அதற்கு மறுமொழி என்னிடம் இருக்கவில்லை. அன்று முழுவதும் அமெரிக்க நீதிபதிகளைப் பற்றி வாய் ஓயாது பேசிய நான் என் சொந்த மகளின் முன் வாயடைத்திருந்தேன்.

சென்ற வாரம் அவன் சிக்காகோவிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். முதற்றிரையிலிருந்த பட்டியலை நீக்கிவிட்டானாம். உடனே பார்ப்போர் தொகை பாதியாகக் குறைந்துவிட்டதாம். ஆனால் ஒரு பொதுச் சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து, தங்கள் கட்சிக்காரர்களுக்கு வழக்கமாக என்ன தண்டனை கிடைக்கின்றது என்பதை மன்றிலே எடுத்துச் சொல்ல இப்புள்ளிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு எழுதியிருக்கின்றார்களாம். இறாத்தல் கணக்குகளை மறுபடியும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே ஆம் என்று எழுதப்போவதாகச் சொல்கின்றான்.

நானும் சும்மாயிருக்கவில்லை. மூலைக்கடையிலே ஒற்றை ரூல் கொப்பி ஒன்று வாங்கினேன். இத்தவணைக்குரிய விடைத்தாட் கட்டுகள் மேசைமீது கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டும் முடிந்ததும் திகதி, நேரம், ஆகக் கூடிய புள்ளி, ஆகக் குறைந்த புள்ளி, சராசரி ஆகியவற்றை அதிலே பதிகின்றேன். “என்னப்பா, வீட்டுக் கணக்கு எழுதாத ஆள் எதைக் கணக்கு எழுதுகிறீர்கள்?” என்று மனைவி கேட்டாள். இதுவரை பதினொரு கட்டு முடிந்திருக்கின்றது. இரவு பத்து மணிக்குப் பின் திருத்திய மூன்று கட்டுகளின் சராசரி, காலையில் திருத்தியவற்றிலும் நான்கு புள்ளி குறைவாக இருக்கின்றது. அம்மூன்றையும் நாளைக் காலை மீண்டும் அவிழ்க்க வேண்டும்.